அப்பாவின் தஞ்சாவூர் ஓவியத் தளம்: பார்க்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பா முப்பது வருஷத்துக்கு மேலாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறார். இதுவரை கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷம் முன்பு சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கினோம். ஆட்கள் வருகிறார்கள், படங்களைப் பார்க்கிறார்கள், அப்படியே போய்விடுகிறார்கள். வாங்கிய சிலரும் மறுபடி வருவதில்லை. தளத்தில் எதை மாற்றினால் சரியாகும்?

பதில்:

உங்கள் தளத்தை வேண்டுமென்றே போனில்தான் திறந்தேன், வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் திறப்பார்கள். முதலில் ஒரு அகல்விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ விரல் பட்டதும் வீணை இசை கிளம்பியது (பஸ்ஸில் இருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்). அப்புறம் "வருக வருக" என்று நாலு பத்தி. அதையும் தாண்டிக் கீழே போனால்தான் முதல் ஓவியம், அதுவும் திரைச்சீலையை மெல்ல இறக்குவது போலத் துண்டு துண்டாக இறங்கியது.

அப்பாவின் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் பொருளின் தன்மையில் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற பொருள். கடைக்குள் வருகிறவர் என்ன செய்கிறார் என்று அப்பாவைக் கேளுங்கள். பலகையைத் தூக்கிக் கனம் பார்ப்பார். வெளிச்சத்துக்குச் சாய்த்து ரேக் (மேலே ஒட்டுகிற மெல்லிய தங்கத் தகடு) மின்னுகிறதா என்று பார்ப்பார். மக்கு (நகையும் கிரீடமும் மேடாகத் தெரியப் பூசுகிற மாவுப் பசை) எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது, விரல் நுனியால் தொட்டுவிடுவார். "நிஜத் தங்கமா?" என்று கேட்பார். தன் வீட்டுப் பூஜை அலமாரியின் அகலத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். இதில் ஒன்றையும் அவரால் தளத்தில் செய்ய முடியாது. அதனால் அவர் செய்ய நினைப்பதை எல்லாம் அவருக்குப் பதிலாகத் தளமே செய்து காட்ட வேண்டும். நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

போட்டோவிலிருந்து தொடங்குகிறேன், பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் அஷ்டலட்சுமி படத்தைப் பாருங்கள். சாமிக்குப் பின்னால் வளைந்திருக்கிற பிரபாவளியின் இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளையாக எரிந்துபோயிருக்கிறது. பார்க்கிறவருக்கு அது தங்கமாகவே தெரியாது, பித்தளைப் பேப்பர் போலத் தெரியும். காரணம் ஃபிளாஷ். தங்க ரேக் ஒரு கண்ணாடி மாதிரி, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரே இருட்டறை இருந்தால் இருட்டைக் காட்டும். ஃபிளாஷ் அடித்தால் அந்த ஒரு புள்ளியை மட்டும் காட்டும். எனவே தங்கத்துக்கு எதிரே வெள்ளையாக, பெரிதாக ஏதாவது இருந்தாக வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம், செலவே இல்லை. காலையில் எட்டு ஒன்பது மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில் படத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கவாட்டிலிருந்து வரட்டும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரே முகத்தில் இரண்டு நிறம் வரும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துத் தொங்கவிடுங்கள். இன்னொன்றை இரண்டு பேர் போனுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் தெர்மோகோல் அட்டை போதும். ரேக் அந்த வெள்ளையைப் பார்த்ததும் ஒரே சீராக மஞ்சளாக ஒளிரும், முதல் தடவை பார்க்கும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். போட்டோ எடுக்கிறவர் வெளிர் நிற உடையில் இருக்க வேண்டும். சிவப்புச் சுடிதாரில் நின்று எடுத்தால் தங்கம் முழுக்க ஒரு செம்மை ஏறிவிடும். இது ஒரு படத்தில் எனக்கே நடந்து, பெயிண்டில் கோளாறு என்று நினைத்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கண்ணாடி போடுவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் பிம்பம் விழாமல் இருக்க எதிரே கறுப்புத் துணி வேண்டும், தங்கம் ஒளிர எதிரே வெள்ளைத் துணி வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஃப்ரேம் கடைக்கு அனுப்புகிற அவசரத்தில் விட்டுவிட்டு, திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதால்தான் உங்கள் படங்களில் பாதிக்கு மேல் ஜன்னல் கம்பியும் உங்கள் கையும் தெரிகின்றன. எடுக்கும்போது கிட்டே போகாதீர்கள். நாலடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள். கிட்டே போனால் பலகையின் ஓரங்கள் வளைந்து, படமே கோணலாகத் தெரியும்.

ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஐந்து படம் வேண்டும். நேராக முழுப்படம் ஒன்று. பக்கவாட்டில் சாய்ந்து, மக்கு வேலையின் மேடு நிழலோடு தெரிகிற மாதிரி ஒன்று. கிரீடமோ காதணியோ மட்டும் திரை முழுக்க நிறைகிற மாதிரி ஒரு நெருக்கப் படம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. சுவரில் மாட்டி, கீழே ஒரு நாற்காலியோ குத்துவிளக்கோ வைத்து எடுத்தது ஒன்று, அளவு புரிவதற்காக. ஐந்தாவது பலகையின் பின்பக்கம், அப்பாவின் கையெழுத்தோடு. இந்தக் கடைசிப் படத்தை யாரும் போடுவதில்லை. ஆனால் உண்மையாக வாங்க வந்தவர் அதைத்தான் ரொம்ப நேரம் பார்ப்பார்.

இதோடு பத்து வினாடி வீடியோ ஒன்று. பின்னணி இசை வேண்டாம், எழுத்து ஓட வேண்டாம். அறையை இருட்டாக்கி, படத்துக்கு முன்னால் பத்திரமான தூரத்தில் ஒரு அகல்விளக்கை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். ரேக்கில் வெளிச்சம் ஓடும், கற்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். வாங்குகிறவர் வீட்டுப் பூஜை அறையில் அந்தப் படம் அப்படித்தானே இருக்கப்போகிறது. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் இதைக் காட்ட முடியாது. தளம் கடையை மிஞ்சுகிற ஒரே இடம் இதுதான்.

அடுத்து, படத்துக்குக் கீழே எழுதுவது. இப்போது வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனுக்குக் கீழே இப்படி இருக்கிறது: "தெய்வீக அழகு மிளிரும் அற்புதப் படைப்பு. உங்கள் இல்லத்தில் ஐஸ்வர்யம் பெருக இன்றே வாங்குங்கள்." இதை எந்தப் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம். அதுதான் அதன் குறை. இப்படி மாற்றிப் பாருங்கள், எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

"வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன். படம் மட்டும் 15க்கு 12 அங்குலம், தேக்கு ஃப்ரேமோடு 19க்கு 16. கனம் சுமார் 4 கிலோ, ஒரே ஆணி தாங்காது, இரண்டு ஆணி வேண்டும். பிளைவுட் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவும் பசையும் கலந்த மக்கு. 22 காரட் தங்க ரேக், ஜெய்ப்பூர் கற்கள். கிருஷ்ணனின் முகம் மட்டும் கடைசி நாள் வரைந்தது, அப்பா எப்போதும் அப்படித்தான். 24 நாள் வேலை. விலை 18,500 ரூபாய், ஃப்ரேம், பேக்கிங், தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு உட்பட."

இதில் ஒரு புகழ்ச்சி வார்த்தைகூட இல்லை. ஆனால் படித்தவர் மனதில் ஆணி எங்கே அடிக்கலாம் என்ற யோசனை வந்துவிடுகிறது. ஆணி யோசனை வந்துவிட்டால் பாதி வாங்கியாயிற்று. அளவை அங்குலத்தில் எழுதுங்கள், பக்கத்தில் சென்டிமீட்டரும் போடுங்கள். ஃப்ரேம் இல்லாத அளவு, ஃப்ரேமோடு அளவு இரண்டும் வேண்டும். அலமாரிக்குள் வைக்கப்போகிறவருக்கு அரை அங்குலம் கூடினாலும் வம்பு.

ரேக் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள். மலிவான போலி ரேக் சில வருஷத்தில் மங்கிக் கறுத்துவிடும் என்பது வாங்குகிறவர்களுக்கு இப்போது தெரியும், யாரோ ஒரு மாமா வீட்டில் பார்த்திருப்பார்கள். ரேக் வாங்கின பில்லை, விலையை மறைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் போட்டோவாகப் போடலாம். அப்பாவுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும். "என் பேரை நம்பாதவன் வாங்க வேண்டாம்" என்பார். அவர் பேரைத் தெரிந்தவர்களுக்கு அது சரி. உங்கள் தளத்துக்கு வருகிறவருக்கு அப்பா யார் என்றே தெரியாது.

அந்தப் பேரை நிறுவுவதற்கு ஒரு வழி இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு இருக்கிறது என்பதால் வரைகிற எல்லோரும் அதன் முத்திரையைத் தளத்தில் போட்டுக்கொள்ள முடியாது. 1999-ஆம் வருஷச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பதிவு இருந்தால் எண்ணோடு போடுங்கள். இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். நீங்கள் இப்போது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிற முத்திரையை அதுவரை எடுத்துவிடுங்கள்.

"எங்களைப் பற்றி" பக்கத்தில் சரபோஜி மன்னர் காலத்திலிருந்து ஆரம்பித்து முழு வரலாறு இருக்கிறது, அப்பாவைப் பற்றி மூன்றே வரி. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். யாரிடம் தொழில் கற்றார், முதலில் என்ன வேலை கொடுத்தார்கள் (எல்லோருக்கும் போல அவருக்கும் மக்குக் கிண்டுகிற வேலைதான் கொடுத்திருப்பார்கள்), எந்தப் படம் வரைய அவருக்கு இன்னும் கஷ்டம், எதை வரைந்து தரமாட்டார். நீங்கள் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். படம் ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டு எடுத்தது வேண்டாம். தரையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி, கையில் மக்கோடு இருக்கிற படம் போதும்.

விலைக்கு வருவோம். "விலைக்கு அழைக்கவும்" என்று எல்லாப் படத்துக்கும் கீழே இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். கடைக்காரர்கள் பார்த்துவிடுவார்கள், சக ஓவியர்கள் பார்த்துவிடுவார்கள். ஆனால் வாங்க நினைப்பவர் அதை வேறு விதமாகப் படிக்கிறார்: ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போலிருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டு, அதிகமாக இருந்தால் "வேண்டாம்" என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே அழைக்கமாட்டார்கள். விலையைப் போடுங்கள். கடைகளுக்கு இன்னும் கொடுக்கிறீர்கள் என்றால், கடையில் விற்கிற விலையும் உங்கள் தளத்து விலையும் ஒன்றாக இருக்கட்டும். தளத்தில் குறைத்துப் போட்டால் கடைக்காரர் ஒரே மாதத்தில் கையை விரித்துவிடுவார், அது நியாயமும்கூட.

ஆடித் தள்ளுபடி போட்டிருந்தீர்கள், 30 சதவீதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புடவைக்கு அது சரி. ஆனியில் முழு விலைக்கு வாங்கியவர் ஆடியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன நினைப்பார்? மறுபடி ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, ஒரு காரணம் இங்கேயே இருக்கலாம். விலை குறைவான பொருள் வேண்டும் என்றால் சின்ன அளவில் வரையச் சொல்லுங்கள். 10க்கு 8 அங்குலத்தில் ஒரு பிள்ளையார், கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கிற மாதிரி. விலை இறங்கும், மதிப்பு இறங்காது.

விற்றுப்போன படங்களை எடுத்துவிடுகிறீர்கள். எடுக்காதீர்கள். மூலையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி, "விற்றது" என்ற ஒரு சொல், அதன் கீழே "இதுபோல வரைந்து தரக் கேட்க" என்று ஒரு பொத்தான். தஞ்சாவூர் ஓவியத்தில் இது ரொம்ப இயல்பு, ஒரே ராமர் பட்டாபிஷேகத்தை அப்பா எத்தனை தடவை வரைந்திருப்பார். விற்ற படங்கள் இல்லாத தளம் ஆள் இல்லாத ஓட்டல் மாதிரி இருக்கும், உள்ளே போகவே யோசிப்பார்கள்.

வரைந்து தருவது என்றால் அதற்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். எத்தனை நாளாகும், அட்வான்ஸ் எவ்வளவு, எந்தக் கட்டம் வரை மாற்றம் கேட்கலாம். நான் சொல்வேன்: பென்சில் கோடு போட்டதும் ஒரு போட்டோ, அதோடு மாற்றம் கேட்பது முடிந்தது. மக்கு காய்ந்ததும் ஒன்று, ரேக் ஒட்டியதும் ஒன்று, முகம் எழுதியதும் ஒன்று, எல்லாம் வாட்ஸ்அப்பில். அவர் அதைத் தன் குடும்பக் குழுவில் போடுவார். நீங்கள் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளம்பரம் கிடைக்காது.

அந்தப் பக்கத்தில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, அப்பா தானாக வரைந்து விற்ற படத்தின் அச்சு உரிமை அவரிடமே இருக்கிறது, அவர் காலம் வரையும் அதற்குப் பின் 60 வருஷமும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து "எனக்கு இதை வரைந்து கொடுங்கள்" என்று கேட்டு வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அவர் நாளைக்கு அதைக் காலண்டராக அச்சடித்தால் அப்பாவால் ஒன்றும் கேட்க முடியாது. "படம் உங்களுடையது, அச்சிடும் உரிமை ஓவியருடையது" என்று எழுதி, ஆர்டர் எடுக்கும்போதே சம்மதம் வாங்கிவிட்டால் தீர்ந்தது.

இனி வாங்குகிற வழி. உங்கள் விசாரணைப் படிவத்தில் ஒன்பது கட்டம் இருக்கிறது, பின்கோடு உட்பட. ஒரு பேச்சுக்குக்கூட அவ்வளவு விவரம் யார் தருவார்கள்? ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள், அழுத்தியதும் அந்தப் படத்தின் பெயரும் எண்ணும் செய்தியில் தானாக வந்து நிற்கிற மாதிரி. நம் ஊர் ஆள் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பொத்தானை அழுத்தி வாங்கமாட்டார், ஒரு தடவையாவது பேசிப் பார்ப்பார். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரிடமும் பேசாமல் வாங்க நினைப்பார். அதனால் நேரடியாகப் பணம் கட்டுகிற வழியும் இருக்கட்டும். யூபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய்தான் அனுப்ப முடியும் என்பதால் பெரிய படங்களுக்கு வங்கிக் கணக்கு விவரமோ, கார்டில் கட்டுகிற லிங்க்கோ தேவைப்படும். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் வேலை செய்யாது, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்ப இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். பான் கார்டை வைத்து ஆன்லைனில் எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். தபால் துறையும் ஏற்றுமதிப் பார்சலுக்கென்று பல ஊர்களில் தனி மையம் திறந்திருக்கிறது.

வெளிநாட்டு ஆட்களிடம் நான் பார்த்த பெரிய பயம் விமான நிலையம்தான். ஊருக்கு வந்து வாங்கிப் பெட்டியில் எடுத்துப் போகும்போது, "இது பழைய பொருளா?" என்று நிறுத்திக் கேட்டால் என்ன செய்வது? 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளியே கொண்டுபோக முடியாது. புதுப் படம் என்பதற்குப் பில்லில் ஓவியர் பெயர், வரைந்த வருஷம், அளவு, ஒரு சின்னப் போட்டோ நான்கும் இருக்க வேண்டும். வேண்டுமென்றே பழசு போலத் தோன்றச் செய்த படம் என்றால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. இந்த விவரத்தைத் தெளிவாக எழுதிய ஓவியர் தளங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் எழுதுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் உங்களைத்தான் நம்புவார்.

உடையாமல் வருமா என்பது இன்னொரு பயம். இந்தப் படத்தைத் துணி ஓவியம் போலச் சுருட்டி அனுப்ப முடியாது, மக்கு வெடித்துவிடும். கண்ணாடி, பலகை எல்லாமாகத்தான் போக வேண்டும். பேக்கிங்கை நிலை நிலையாகப் போட்டோ எடுத்துப் போடுங்கள்: பபிள் ஷீட், தெர்மோகோல், மூலைக்கு அட்டை, வெளியே மரச்சட்டம். தூரத்துக்கு அனுப்பும்போது கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வேண்டுமா என்று கேளுங்கள். கீழே ஒரே வாக்கியம் போதும்: "உடைந்து வந்தால், பிரிக்கும்போதே ஒரு வீடியோ எடுத்து இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள், சரிசெய்து தருகிறோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருகிறோம்." இப்போது அந்த இடத்தில் எங்கிருந்தோ நகல் எடுத்த மூன்று பக்க விதிமுறை இருக்கிறது. அதில் "ஆடைகளை ஒருமுறை உடுத்தியிருந்தால்" என்றுகூட ஒரு வரி வருகிறது, பார்த்தீர்களா?

வேகம், தேடல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் 5 எம்பி. 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் 300 கேபிக்குள் கொண்டுவந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியப் படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவுகோல். வீணை, சுற்றும் விளக்கு, நகரும் படவரிசை மூன்றையும் எடுத்தாலே பாதி வழி வந்துவிடும். முகப்பில் ஒரே ஓவியம், பெரிதாக, அசையாமல் இருக்கட்டும்.

தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் சிலர் "தஞ்சாவூர்" (Thanjavur) என்றும் சிலர் வெள்ளைக்காரன் வைத்த "டாஞ்சோர்" (Tanjore) என்றும் அடிக்கிறார்கள். உங்கள் தளத்தில் ஒரு எழுத்துக்கூட்டல்தான் இருக்கிறது, இரண்டையும் சேருங்கள். படத்தின் கோப்புப் பெயரும் ஆல்ட் டெக்ஸ்ட்டும் (படத்தில் என்ன இருக்கிறது என்று தளத்துக்குள் எழுதிவைக்கிற விவரம்) "ஐஎம்ஜி 4471" என்று இருந்தால் கூகுளுக்கு என்ன புரியும்? கடவுள் பெயர், அளவு, தஞ்சாவூர் ஓவியம் என்று எழுதுங்கள். கூகுள் மேப்பில் வீட்டுப் பட்டறையைச் சேர்த்துவிட்டால், பெரிய கோவிலுக்கு வருகிறவர்கள் நேரிலேயே வந்து நிற்பார்கள்.

வாங்கியவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்ற கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். வரமாட்டார்கள். ஒரு வீட்டுப் பூஜை அறைக்கு எத்தனை பெரிய படம் வேண்டும்? அடுத்த விற்பனை அவரிடம் இல்லை, அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்து, "இது எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிற விருந்தாளியிடம் இருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவருக்கு உங்கள் தளத்தின் பெயர் ஞாபகம் வராது. அதனால் படத்தின் முதுகில் ஒரு லேபிள் ஒட்டுங்கள்: அப்பா பெயர், படத்தின் எண், வருஷம், தள முகவரி, க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் முகப்புக்குப் போக வேண்டாம், அந்தப் படத்தின் பக்கத்துக்கே போகட்டும். அங்கே அதன் போட்டோக்கள், வரைந்த கட்டங்கள், பராமரிப்புக் குறிப்பு எல்லாம் இருக்கட்டும். கடைகள் இத்தனை வருஷம் தங்கள் லேபிளைத்தான் அங்கே ஒட்டின. அப்பா வரைந்த எத்தனையோ படங்கள் யார் வரைந்தது என்றே தெரியாமல் சுவர்களில் தொங்குகின்றன.

பராமரிப்புக் குறிப்பு சின்னதாக இருக்கட்டும். ஈரத்துணி படக்கூடாது, நேர் வெயில் கூடாது, மழையில் ஓதம் ஏறுகிற சுவர் கூடாது, ஊதுபத்திப் புகை நேராகப் படத்தில் அடிக்கக்கூடாது. அதோடு இதையும் எழுதுங்கள்: "கல் ஏதாவது விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தாளில் மடித்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், ஒட்டித் தருகிறோம்." வாங்கியவர் உங்களை மறுபடி கூப்பிடுவதற்கு இது ஒரு நல்ல சாக்கு. வருகிறவர் சும்மா வரமாட்டார், மைத்துனன் கல்யாணத்துக்கு ஒரு சின்னப் படம் கிடைக்குமா என்று கேட்பார்.

வாங்கியவர்களின் சம்மதத்தோடு ஒரு பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலும் போன் எண்ணும். வருஷத்துக்கு மூன்று தடவை எழுதினால் போதும், தினம் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். புதுப் படம் தளத்தில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர்களுக்குக் காட்டுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்றால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதனால் படத்தைக் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். சுவரில் மாட்டிய பிறகு ஒரு போட்டோ கேட்டு வாங்கி, அனுமதியோடு தளத்தில் போடுங்கள், வீட்டு முகவரியோ குழந்தைகள் முகமோ தெரியாமல்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது, அப்பாவும் விடமாட்டார். இந்த வாரம் மூன்றே மூன்று படத்தை, எதிரே வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்து, விலையோடு, நான் மேலே எழுதிய மாதிரி விவரத்தோடு மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த மூன்றுக்கு எத்தனை விசாரணை வந்தது, மற்றவற்றுக்கு எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். மற்றதைத் தொடுவதா என்று அப்போது அப்பாவே சொல்வார்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. தளத்தின் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிற்பியின் தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். பிறகு ஊர் மாறினார், போன் எண்ணை மாற்றினார், புதுப்பிக்கும் தேதி போய்விட்டது. ஆறு வருஷமாகச் சிற்பியின் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த முகவரியைத் திறந்தால் இன்றைக்கு ஏதோ சூதாட்டத் தளம் வருகிறது. உங்கள் தளத்தின் கீழே "வடிவமைப்பு" என்று இன்னொருவர் பெயர் இருப்பதைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.